மூன்று மோதிரங்களும் ஒரு தங்கமும்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. அதை நல்ல பழக்கம் என்று நான் சொல்ல மாட்டேன். யாருடைய வாழ்க்கையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும், 'இதை எங்கே தொடங்கலாம், எங்கே முடிக்கலாம்?' என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். கதாநாயகிக்கு எந்த அத்தியாயத்தில் சோதனை வர வேண்டும், எந்த அத்தியாயத்தில் வெற்றி வர வேண்டும் என்பதற்கெல்லாம் எங்களிடம் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஆனால் வாழ்க்கை அந்தப் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை.

அமாயா வால்தெமோரோ என்னும் ஸ்பானியப் பெண்மணியின் வரலாற்றைப் படித்தபோது என்னுடைய இந்தத் தொழில் புத்தி நன்றாக அடி வாங்கியது. அவர் கூடைப்பந்து ஆடியவர். இருபத்திரண்டாவது வயதில் அமெரிக்காவின் மிகச் சிறந்த பெண்கள் அணியில் இருந்து பட்டம் வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அதே பட்டம். ஆனால் அந்த மூன்று பட்டங்களின்போதும் அவர் பெரும்பாலும் ஓரத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் தம் நாட்டு அணியின் பாரத்தைத் தோளில் சுமந்தார்; அப்போது தங்கம் கிடைக்கவில்லை. முப்பத்தாறாவது வயதில், இளையவர்கள் பாரத்தை வாங்கிக்கொண்ட பிறகு, கடைசிப் போட்டியில் தங்கம் வந்து சேர்ந்தது. இதை நான் நாவலாக எழுதிக் கொடுத்திருந்தால், 'உச்சகட்டம் தவறான இடத்தில் இருக்கிறது' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

"பந்தாடிய ஒரு பெண்ணின் வாழ்க்கையில் என்னய்யா சரித்திரம்?" என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வேண்டுமானால், அவர் பிறந்த தேதியிலிருந்தே தொடங்க வேண்டும்.

*

அமாயா பிறந்தது 1976-ஆம் ஆண்டு ஆகஸ்டு 18. பிறந்த ஊர் மாட்ரிட் நகருக்கு வடக்கே, அதை ஒட்டியிருக்கும் அல்கோபெந்தாஸ். ஸ்பெயின் தேசத்தைச் சுமார் முப்பத்தாறு ஆண்டுகள் தம் கைப்பிடிக்குள் வைத்திருந்த சர்வாதிகாரி பிராங்கோ கண்ணை மூடியது 1975 நவம்பர் 20. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்பது மாதம் நிறைய இரண்டே நாள் குறைவு! கதாசிரியன் இப்படி ஒரு பொருத்தத்தை வைத்தால், 'இது ரொம்பச் செயற்கை' என்பார்கள். சரித்திரம் வைத்தால் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பொருத்தத்துக்கு என்ன அர்த்தம் என்பதைத் தெரிந்துகொள்ள, பிராங்கோவின் ஸ்பெயினில் ஒரு பெண்ணின் நிலைமை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். கல்யாணமான பெண் வேலைக்குப் போக வேண்டுமானால் கணவனின் அனுமதி வேண்டும். பாங்கியில் தன் பெயரில் கணக்கு வைக்கக் கணவனின் அனுமதி வேண்டும். அயல்நாடு செல்லப் பாஸ்போர்ட் வாங்கவும் அதே அனுமதி. இந்தச் சட்டம் ஒழிந்தது எப்போது தெரியுமா? 1975-ஆம் ஆண்டு மே மாதம். அதாவது, அமாயா பிறப்பதற்குப் பதினைந்து மாதங்களுக்கு முன்புதான்.

பெண்களின் உடற்பயிற்சியும் விளையாட்டும் அந்நாளில் அரசாங்கக் கட்சியின் மகளிர் பிரிவின் ஆதீனத்தில் இருந்தன. அதன் தலைவி பிலார் பிரீமோ தெ ரிவேரா என்ற அம்மாள். 1934-இல் தொடங்கி, 1977-இல் அந்த அமைப்பு கலைக்கப்படும் வரை அவர்தான் தலைவி. எந்த விளையாட்டு பெண்மைக்கு உகந்தது, எது உகந்ததல்ல என்று அந்த அமைப்பு தீர்மானித்தது. ஓட்டப் பந்தயம் போன்றவை பெண்களை ஆண்களாக்கிவிடும் என்று சொல்லி 1960-களின் தொடக்கம் வரை விலக்கி வைத்திருந்தார்கள். உடற்பயிற்சிக்கு வரும் மாணவிகள் முழங்கால் வரை இறங்கும் தொளதொள உள்கால்சட்டை அணிந்து அதன் மேல் பாவாடையும் கட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துப் புகைப்படங்களைப் பார்த்தால், பெண்கள் கையை உயர்த்தி வரிசை வரிசையாக நிற்பார்கள். அவர்கள் முகத்தில் விளையாடுகிற களையே இருக்காது. பரீட்சை எழுதுகிற களைதான் இருக்கும்.

ஆனால் ஒரு விசித்திரம்! இத்தனை கெடுபிடியிலும் கூடைப்பந்து மட்டும் பிழைத்துக்கொண்டது. ஒருவர் மேல் ஒருவர் மோதாமல் ஆட வேண்டும் என்பதே அதன் ஆதி விதி. ஆகையால் அது பெண்களுக்கு அடக்கமான ஆட்டம் என்று பெரியவர்களுக்குத் தோன்றியது. பாவம், அவர்கள் ஒரு நல்ல ஆட்டத்தை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்!

*

இந்த ஆட்டத்தின் பிறப்பும் சுவையானது. 1891-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காகக் கூடத்துக்குள் ஆட ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார். பழம் பறிக்கும் கூடைகளை உயரத்தில் மாட்டி அதில் பந்தைப் போடச் சொன்னார். மறு வருஷமே ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆகவே கூடைப்பந்து ஆண்களின் ஆட்டமாக இருந்து பிறகு பெண்களுக்கு இரவல் கொடுக்கப்பட்டதல்ல; தொட்டிலிலிருந்தே இருவருக்கும் பொதுவானது.

ஸ்பெயினுக்கு அதைக் கொண்டுவந்தவர் ஒரு பாதிரியார். எவ்ஸேபியோ மில்லான் என்பது அவர் பெயர். கியூபாவில் ஆசிரியப் பணி செய்துவிட்டுப் பார்ஸிலோனாவுக்குத் திரும்பியவர், 1920-களின் தொடக்கத்தில் தம் பள்ளிப் பையன்களுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தார். பத்து ஆண்டுகளுக்குள் பார்ஸிலோனாவின் பெண்களும் ஆடத் தொடங்கிவிட்டார்கள்.

அவர்களில் ஒருவர் எங்கார்னா எர்னாந்தெஸ். பிறப்பு 1917. பந்தைத் தலைக்கு மேலே வளைத்துக் கொக்கி போட்டது போல் கூடைக்குள் வீசுவாராம். அதனால் 'கொக்கிப் பெண்' என்றே அவருக்குப் பெயர். உள்நாட்டு யுத்தத்துக்கு முன்பும் ஆடினார், பின்பும் ஆடினார், மற்றப் பெண்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். ஆனால் ஸ்பெயின் தேசத்தின் சட்டையை அணிந்து ஓர் ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. காரணம், அப்படி ஒரு பெண்கள் அணியே அப்போது இல்லை! அவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து, 1963 ஜூன் 16-ஆம் தேதி, கதலோனியக் கடற்கரையில் உள்ள மால்கிராத் தெ மார் என்ற ஊரில் முதல் முதலாக ஸ்பெயினின் பெண்கள் அணி ஸ்விட்சர்லாந்தை எதிர்த்து ஆடியது. 31-க்கு 40 என்று தோற்றது.

எங்கார்னா பாட்டி நீண்ட ஆயுள் பெற்றவர். 2022-இல், தமது 105-ஆவது வயதில்தான் காலமானார். தாம் ஆட முடியாத அந்த அணி உலக அரங்கில் பதக்கங்கள் வாங்குவதையெல்லாம் அவர் இருந்து பார்த்தார். இதை நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமும் வருகிறது, தொண்டையையும் அடைக்கிறது. விதை போட்டவர்கள் பழம் தின்பதில்லை என்று நாம் சொல்வோம். பழத்தைக் கண்ணாலாவது பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது?

*

இப்போது அமாயாவிடம் வருவோம்.

சுமார் ஆறடி உயரம். பக்கவாட்டிலிருந்து புகுந்து புள்ளி எடுக்கும் முன்னணி ஆட்டக்காரி. 1992-இல் பார்ஸிலோனாவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது அவருக்கு வயது பதினைந்து, பதினாறு. அந்தப் பந்தயங்களில் ஸ்பெயினின் பெண்கள் அணி ஐந்தாவதாக வந்தது. மறு ஆண்டே, 1993-இல், இத்தாலியின் பெரூஜா நகரில் ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தை அந்த அணி வென்றது. இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் தோற்றது, 63-க்கு 53. 'நம் பெண்களாலும் முடியும்' என்று ஸ்பெயின் கண்டுகொண்ட வருஷம் அது. ஆனால் கண்டுகொண்டதும் கைநழுவியது. 1996 ஒலிம்பிக்குக்கும் அந்த அணி தகுதி பெறவில்லை, 2000 ஒலிம்பிக்குக்கும் பெறவில்லை. அமாயா வளர்ந்து ஆளானது இந்த வறட்சிக் காலத்தில்தான்.

அதே சமயம் அமெரிக்காவில் பெண்களுக்கென்றே தொழில்முறைக் கூடைப்பந்து லீக் ஒன்று புதிதாகத் தோன்றியது. 1997-இல் ஆட்டம் தொடங்கிற்று. முதல் வருஷப் பட்டத்தை வென்றது டெக்ஸஸ் மாகாணத்தின் ஹூஸ்டன் காமெட்ஸ் அணி. அதாவது, வால் நட்சத்திரங்கள்! 1998-இல் ஆட்டக்காரிகளைத் தேர்ந்தெடுத்தபோது, மூன்றாவது சுற்றில், முப்பதாவது பெயராக அமாயாவை அந்த அணி எடுத்துக்கொண்டது.

ஹூஸ்டன் அணியில் யார் யார் இருந்தார்கள் என்று சொன்னால்தான் அமாயாவின் நிலைமை விளங்கும். சிந்தியா கூப்பர் என்ற பெண்மணி இருந்தார். அமெரிக்காவில் பெண்களுக்கு லீக்கே இல்லாத காலத்தில் இத்தாலியில் பல ஆண்டுகள் ஆடிப் பிழைத்துவிட்டு, முப்பத்துநாலாவது வயதில் தாய்நாட்டில் ஆட வாய்ப்புப் பெற்றவர் அவர். 1997 முதல் 2000 வரை நான்கு ஆண்டுகளிலும் இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரி அவர்தான். ஷெரில் ஸ்வூப்ஸ் இருந்தார். டீனா தாம்ப்ஸன் இருந்தார். மூவரும் அந்த ஆட்டத்தின் மும்மூர்த்திகள் என்றே சொல்ல வேண்டும். 1998-இல் அந்த அணி ஆடிய 30 லீக் ஆட்டங்களில் 27-ஐ ஜெயித்தது.

களத்தில் ஐந்து பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் பெஞ்சில். தம் நாட்டில் பந்து கைக்கு வந்தால் எல்லோரும் வழிவிடுகிற ஆட்டக்காரியாக வளர்ந்துகொண்டிருந்த பெண், இங்கே வந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டம் ஏறக்குறைய முடிந்து, வெற்றி நிச்சயமான பிறகு சில நிமிஷங்கள் இறக்கிவிடுவார்கள். அவ்வளவுதான்.

சங்கீத வித்துவான்களின் உலகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சொந்த ஊரில் முன்வரிசை மரியாதை பெற்ற பாடகர், பெரிய வித்துவான் ஒருவரிடம் போய்ப் பின்பாட்டுப் பாடுவதற்கு எவ்வளவு அடக்கம் வேண்டும்! சிலர் நாலு நாளில் கோபித்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அமாயா மூன்று கோடைகள் அங்கே இருந்தார். குளிர்காலத்தில் ஸ்பெயினில் ஆடுவது, கோடையில் ஹூஸ்டனுக்குப் போய் உட்காருவது. 1998, 1999, 2000 மூன்று ஆண்டுகளிலும் ஹூஸ்டன் பட்டம் வென்றது. அமெரிக்க வழக்கப்படி வென்ற அணியில் இருந்தவர்களுக்கு மோதிரம் உண்டு. அமாயாவுக்கும் மூன்று.

இதில் ஸ்பெயின்காரர்களே பல நாள் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. பாவ் கஸோல் என்ற நெடிய மனிதர் அமெரிக்க ஆண்கள் லீக்கில் முதல் பட்டம் வென்றது 2009-இல். நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் முதல் முதலாகச் சாம்பியனான ஸ்பானியர் அவரல்ல. 1998-லேயே வென்ற இந்தப் பெண். பதினோரு வருஷம் மூத்த வெற்றி!

'உட்கார்ந்து வாங்கிய மோதிரம் தானே?' என்று நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவிடலாம். அந்த இடத்தில் அமாயா என்ன பார்த்தார் என்பதையும் சொல்லி விடுகிறேன். அந்த அணியில் கிம் பெரோ என்ற குள்ளமான ஆட்டக்காரி ஒருவர் இருந்தார். தேர்வில் எந்த அணியும் பெயர் சொல்லி அழைக்காதவர். தாமே வந்து கேட்டு இடம் பிடித்து, இரண்டு பட்டங்களில் பங்கு பெற்றவர். 1999 பிப்ரவரியில் அவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 19-ஆம் தேதி, முப்பத்திரண்டாவது வயதில், லீக் முடியும் தறுவாயில் இறந்துபோனார். அணி அழுதுகொண்டே ஆடியது. பட்டத்தை வென்று அவருக்குக் காணிக்கையாக்கியது. அவர் அணிந்த 10-ஆம் எண் சட்டையை அதன் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களும் அணிதான் என்பதை இதைவிடக் கொடுமையாக ஒருவருக்கு யாரும் கற்பிக்க முடியாது. கிம் பெரோ அந்த வருஷம் ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை. ஆனால் அந்தப் பட்டம் யாருடையது என்று ஹூஸ்டன் நகரில் யாரைக் கேட்டாலும் தயங்காமல் சொல்லியிருப்பார்கள்.

*

2001 முதல் அமாயாவின் வாழ்க்கையில் இரண்டாவது பாகம் ஆரம்பமாகிறது. இனி அவர் உட்காருகிறவர் அல்ல, சுமக்கிறவர்.

ஸ்பெயின் அணி ஐரோப்பியப் போட்டியில் 2001-இல் வெண்கலம் வென்றது. எட்டு ஆண்டு வறட்சிக்குப் பிறகு முதல் மழை. 2003-இல் மறுபடி வெண்கலம். 2005-இல் மறுபடியும் வெண்கலம். 2007-இல் இத்தாலியில் இறுதி ஆட்டம் வரை போய், ரஷ்யாவிடம் 68-க்கு 74 என்று தோற்று வெள்ளி. அந்தப் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டக்காரி என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர் அமாயா. வென்ற அணியில் ஒருவருக்குப் போக வேண்டிய மாலை, தோற்ற அணியின் தலைவிக்கு விழுந்தது. 2009-இல் திரும்பவும் வெண்கலம். நடுவில் 2004-இல் ஏதென்ஸ், 2008-இல் பீக்கிங் என்று இரண்டு ஒலிம்பிக் பந்தயங்கள். இரண்டிலும் பதக்கம் இல்லை.

இந்தப் பட்டியலை வேகமாகப் படித்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் ஒவ்வொரு வெண்கலத்துக்கும் பின்னால் ஓர் அரையிறுதித் தோல்வி இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். தங்கத்தின் வாசற்படி வரை போவது, கதவு சாத்தப்படுவது, மறுநாள் காலையில் மனசைத் தேற்றிக்கொண்டு மூன்றாம் இடத்துக்காக ஆட இறங்குவது! வெள்ளி தோற்றவர்களுக்குக் கிடைப்பது; வெண்கலம், தோற்ற பிறகும் ஜெயித்தவர்களுக்குக் கிடைப்பது. இந்த வித்தியாசத்தை அமாயாவைப் போல் அறிந்தவர்கள் குறைவு.

வயிற்றுப் பிழைப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 'தொழில்முறை ஆட்டக்காரி' என்றால் ஏதோ லட்சாதிபதி என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்களின் அணிகளுக்கு இருக்கும் கூட்டமும் பணமும் பெண்களின் அணிகளுக்குக் கிடையாது. யாராவது ஒரு பிரபுவோ, கம்பெனியோ, நகரசபையோ மனசு வைத்தால் அணி இருக்கும். மனசு மாறினால் மறு வருஷம் அணியே இராது. ஆகவே பெண்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு பணம் இருக்கும் நாட்டுக்குப் போவார்கள். 2000-க்குப் பிந்திய பத்து ஆண்டுகளில் அந்தப் பணம் ரஷ்யாவில் இருந்தது. வால்கா நதிக்கரையில் உள்ள சமாரா வரை அமாயாவும் போனார். பிறகு ஸ்பெயினுக்குத் திரும்பினார். துருக்கிக்கும் போய் வந்தார்.

அவர் ஆடிய இரண்டு பெரிய வீடுகளின் கதியைக் கேளுங்கள். முதல் நான்கு பட்டங்களையும் தொடர்ந்து வென்ற ஹூஸ்டன் காமெட்ஸ், நடத்த ஆள் கிடைக்காமல் 2008 டிசம்பரில் கலைக்கப்பட்டது. அவர் பல ஆண்டுகள் ஆடிய வலென்ஸியா நகரின் ரோஸ் காஸாரெஸ் அணி, ஓர் இரும்பு வியாபாரக் குடும்பத்தின் ஆதரவில் செழித்தது. 2012-இல் அது ஐரோப்பாவின் சாம்பியன் கோப்பையை வென்றது. அதே கோடையில் தொழில்முறை ஆட்டத்திலிருந்தே விலகிக்கொண்டது. தோற்று நொடித்துப்போன அணிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். ஜெயித்த கையோடு கடையை மூடிய அணியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களா? பெண்கள் ஆடுகிற களம் அப்படி. காலடியில் தரை இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் குதிக்க வேண்டும்.

இந்த அலைச்சலுக்கெல்லாம் நடுவில் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்று: கோடை வந்தால் தேசத்தின் சட்டை. 2010-இல் செக் நாட்டில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் அந்தச் சட்டைக்கு ஒரு பெரிய நாள் வந்தது. காலிறுதியில் எதிரி பிரான்ஸ். ஆட்ட நேரம் முடிந்தபோது இரு பக்கமும் சமம். கூடுதல் நேரத்தில் ஸ்பெயின் 74-க்கு 71 என்று தப்பிப் பிழைத்தது. முப்பத்துநாலு வயது அமாயாவின் கை அன்று ஓங்கியிருந்தது. அரையிறுதியில் அமெரிக்கா நசுக்கிவிட்டது, வாஸ்தவந்தான். ஆனால் மூன்றாவது இடம் கிடைத்தது. உலகப் போட்டியில் ஸ்பானியப் பெண்கள் வாங்கிய முதல் பதக்கம், அதுவும் வெண்கலம்!

*

நானாக இருந்தால் கதையை இங்கேயே முடித்திருப்பேன். கௌரவமான முடிவு. ஆனால் வாழ்க்கை இன்னும் இரண்டு அடிகளைக் கையில் வைத்திருந்தது.

முதல் அடி 2011-இல் விழுந்தது. போலந்தில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஸ்பெயின் காலிறுதிக்கே வரவில்லை. ஒன்பதாவது இடம். அதன் பலனாக 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் போகும் வழி அடைபட்டது. முப்பத்தைந்து வயது ஆட்டக்காரிக்கு ஓர் ஒலிம்பிக் தவறினால் அடுத்தது என்பது இல்லை. ஒலிம்பிக் பதக்கம் என்ற ஆசை அன்றே முடிந்தது.

இரண்டாவது அடி உடம்பின் மேலேயே விழுந்தது. 2012–13 பருவத்தில், மாட்ரிட் அருகில் உள்ள ரிவாஸ் அணிக்காக ஆடும்போது கீழே விழுந்ததில் இரண்டு மணிக்கட்டுகளும் முறிந்தன. பந்தாடுகிறவளுக்கு மணிக்கட்டு என்றால் வீணை வாசிக்கிறவளுக்கு விரல் மாதிரி. ஒன்றல்ல, இரண்டும்! சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க ஒரு கை வேண்டாமா? அந்த வயதில், அந்தக் காயத்தோடு, 'போதும்' என்று சொல்லியிருந்தால் உலகத்தில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் சொல்லவில்லை. எலும்பு கூடியது. பயிற்சி செய்தார். 2013 ஜூனில் பிரான்ஸில் நடந்த ஐரோப்பியப் போட்டிக்கு, பயிற்சியாளர் லூக்காஸ் மொந்தேலோ தேர்ந்தெடுத்த பன்னிரண்டு பேரில் அமாயாவும் ஒருவர்.

ஆனால் இப்போது அணி அவருடையதல்ல. ஆட்டத்தின் பாரம் வேறு தோள்களுக்கு மாறிவிட்டது. மயோர்க்காத் தீவில் பிறந்த ஆல்பா டோரென்ஸ் இருந்தார். அமாயாவைவிடப் பதின்மூன்று வயது இளையவர். பந்தைக் கொண்டுசெல்ல லையா பலாவ் இருந்தார். கூடைக்கு அடியில் சான்சோ லிட்டில் இருந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்து ஸ்பெயின் பிரஜையான லிட்டில், அமெரிக்காவில் முதலில் ஆடிய அணி எது தெரியுமா? அதே ஹூஸ்டன் காமெட்ஸ்! அமாயா பெஞ்சில் இருந்து பார்த்த அணியின் கடைசிக் காலத்து ஆட்டக்காரி. ஊழ் என்பதா, உலகம் சிறியது என்பதா, எனக்குத் தெரியவில்லை.

2013 ஜூன் 30. வட பிரான்ஸில் ஒர்ஷி என்ற சிற்றூர். இறுதி ஆட்டம். எதிரி, முந்தின வருஷம் லண்டனில் ஒலிம்பிக் வெள்ளி வென்ற பிரான்ஸ். அவர்களுடைய சொந்த மண், சொந்த ஜனங்கள். ஆட்டம் முடிந்தபோது பலகையில் இருந்த எண்கள்: ஸ்பெயின் 70, பிரான்ஸ் 69. ஒரே ஒரு புள்ளி!

சிறந்த ஆட்டக்காரி என்ற மாலை லிட்டிலுக்குப் போனது. நியாயம்தான். ஆனால் பெரூஜாவுக்குப் பிறகு இருபது ஆண்டு காத்திருந்து வந்த அந்தத் தங்கம், பதினைந்து ஆண்டு பாடுபட்ட கழுத்திலும் தொங்கியது. அத்தோடு அமாயா ஓய்வு பெற்றார். அவருடைய நெடுநாள் தோழியான எலிசா அகிலாரும் அதே நாளோடு விலகினார். தேசத்துக்காக அமாயா ஆடிய ஆட்டங்கள் 258. அன்றைக்கு அது ஸ்பெயினின் சாதனை.

*

சாதனைகள் நிற்பதில்லை. லையா பலாவ் பின்னால் அந்த 258-ஐத் தாண்டி முந்நூறுக்கும் மேல் போய்விட்டார். அமாயா விலகிய மறு ஆண்டே, 2014-இல், ஸ்பெயின் உலகப் போட்டியில் வெள்ளி வென்றது. 2016-இல் ரியோவில் ஒலிம்பிக் வெள்ளி. 2017-லும் 2019-லும் ஐரோப்பியத் தங்கம். அமாயா அவற்றில் களத்தில் இல்லை. தொலைக்காட்சியில் ஆட்டத்தை விளக்கிச் சொல்லுகிற ஆசனத்தில் இருந்தார். எலிசா அகிலாரோ 2023-இல் ஸ்பெயின் கூடைப்பந்துச் சம்மேளனத்துக்கே தலைவியானார். கணவன் கையெழுத்தில்லாமல் பாஸ்போர்ட் வாங்க முடியாத தேசத்தில், ஆண்களின் அணியையும் சேர்த்து ஆளும் நாற்காலியில் ஒரு பெண்! நடுவில் ஓடியது ஐம்பது வருஷம்கூட இல்லை.

நான் ஆரம்பத்தில் போட்ட கணக்குக்குத் திரும்புகிறேன். உச்சகட்டம் தவறான இடத்தில் இருக்கிறது என்றேன் அல்லவா? எழுதிக்கொண்டே வந்தபோது எனக்கு அந்த எண்ணம் மாறிவிட்டது. முதல் மூன்று மோதிரங்களை மற்றவர்கள் சுமந்து இவருக்குக் கொடுத்தார்கள். கடைசித் தங்கத்தையும் மற்றவர்கள் சுமந்து கொடுத்தார்கள். நடுவில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இவர் சுமந்தார். அதன் கூலி வெண்கலமாக வந்தது. அந்த வெண்கல ஆண்டுகள் இல்லாவிட்டால் பின்னால் வந்த பெண்களுக்கு ஏறி நிற்க ஒரு படி இருந்திராது. நம்முடைய திறமை உச்சத்தில் இருக்கும் நாளும், நம் கூட்டத்துக்கு விடியும் நாளும் ஒரே நாளாக இருக்க வேண்டும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பெரும்பாலோருக்கு அவை சந்திப்பதே இல்லை. எங்கார்னா பாட்டிக்குச் சந்திக்கவில்லை. கிம் பெரோவுக்குப் பாதி வழியில் அறுந்தது. அமாயாவுக்கு, இரண்டு மணிக்கட்டும் முறிந்த பிறகு, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சந்தித்தன.

நம் வீடுகளிலும் இப்படி ஒருத்தி இருப்பாள். பாரத்தை இழுத்த வருஷங்களில் அவளை யாரும் பார்த்ததில்லை. விளக்கேற்றும் நாளில் ஓரமாக நிற்பாள். அவளைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு இதை எழுதும்போதுதான் தோன்றியது. நாவலில் அவளுக்கு எந்த அத்தியாயத்தில் இடம் கொடுப்பது என்பதை மட்டும் நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.